பெரம்பூர் ஞாயிறு பயோஇன்ஃபர்மாட்டிக்ஸ் வகுப்பு: பிளஸ் ஒன் பிள்ளையை அனுப்பலாமா?

டி.என்.ஏ., புரதம் இதுங்களோட எழுத்து வரிசையைக் கம்ப்யூட்டர்ல தேடி, ஒப்பிட்டுப் பாக்கறதுதான் பயோஇன்ஃபர்மாட்டிக்ஸ். இந்த வகுப்பு நீட்டுக்கு உதவுமான்னு தெரிஞ்சவங்க நிறைய பேர் கேட்டுட்டாங்க, அதனால அதையே முதல்ல சொல்லிடறேன். உதவாது. மனித ஜீனோம் திட்டம், டி.என்.ஏ. ஃபிங்கர்பிரின்டிங் மாதிரி ரெண்டு மூணு தலைப்பைப் படிக்கும்போது "அட, இது தெரியுமே"ன்னு இருக்கும், அவ்வளவுதான். மார்க் ஏறணும்னா அந்த ஞாயித்துக்கிழமையை டெஸ்ட் சீரிஸுக்குக் கொடுத்துடுங்க. பிள்ளைக்கு உயிரியல் பிடிச்சிருக்கு, ஆனா மனப்பாடம் பண்ணிப் பண்ணி சலிச்சுப் போயிருக்குன்னா மட்டும் மேல படிங்க.

நான் லேப் டெக்னீஷியன். ராயபுரத்துல ஒரு டயக்னாஸ்டிக் சென்டர்ல வேலை. பொண்ணு பிளஸ் ஒன், பயோ-மேத்ஸ் குரூப். பெத்தவங்க பின்னாடி பெஞ்சுல உக்காந்துக்கலாம்னு இந்த சென்டர்ல அனுமதிச்சதால, டூட்டி இல்லாத வாரமெல்லாம் நானும் உள்ளே இருந்தேன். அதனால இது பொண்ணு வீட்டுக்கு வந்து சொன்ன கதை இல்லை, கண்ணால பாத்தது.

எட்டு ஞாயிறு, காலை 10 மணியில இருந்து 1 மணி வரை. கட்டணம் 6,500 ரூபாய், ரெண்டு தவணையா கட்டலாம். பெரம்பூர் ஸ்டேஷன்ல இருந்து நடக்கற தூரம், முதல் மாடி, கீழே ஜெராக்ஸ் கடை. ஒன்பதாவதுல இருந்து பிளஸ் டூ வரைக்கும் எல்லாரையும் ஒரே ரூம்ல உக்கார வெக்கறாங்க. பாடம் எடுக்கறது ரெண்டு பேர். பயோடெக் படிச்ச ஒரு அக்கா (பிள்ளைங்க எல்லாம் அப்படித்தான் கூப்பிடுதுங்க), அப்புறம் ஐ.டி.யில இருந்து வந்த ஒரு சார். இந்த ரெண்டு பேருக்கும் நடுவுலதான் மொத்த விமர்சனமும் இருக்கு.

முதல் நாள் அக்கா கிளாஸ். அறிமுகம், வரலாறு ஒண்ணும் கிடையாது. மேசைக்கு ஒரு நோட்பேட் ஃபைல். திறந்தா டி.என்.ஏ.வோட ஏ, டி, ஜி, சி எழுத்துங்க மட்டும் அறுநூத்தம்பது சொச்சம், இடைவெளி இல்லாம. "இது யாரோடதுன்னு கண்டுபிடிச்சு சொல்லுங்க"ன்னாங்க. அமெரிக்காவுல என்.சி.பி.ஐ.ன்னு ஒரு அரசாங்க நிறுவனம், 1988-ல ஆரம்பிச்சது. உலகத்துல யார் எந்த டி.என்.ஏ.வைப் படிச்சு வெளியிட்டாலும் சேத்து வெக்கற ஜென்பேங்க் அவங்ககிட்டதான் இருக்கு. அதுல தேடறதுக்கு பிளாஸ்ட்னு ஒரு கருவி. காசு கிடையாது, லாகின் கூட கேக்காது. எழுத்தை ஒட்டி, பட்டனை அழுத்தினா கொஞ்ச நேரத்துல பட்டியல் வந்து நிக்குது.

எங்க பக்கத்து மேசைக்கு வந்தது ராஸ்ட்ரெல்லிகர் கானகுர்டா. அக்கா அந்தப் பேருக்கு ஒரு படத்தைத் தேடச் சொன்னாங்க. காசிமேட்டுப் பையன் ஒருத்தன், அவங்கப்பாவுக்கு படகு இருக்கு, படம் முழுசா வர்றதுக்கு முன்னாடியே "அக்கா, காணாங்கத்த! இது எங்க வீட்ல தினம் கெடக்கும்"னு எழுந்து நின்னுட்டான். இன்னொரு மேசைக்கு வஞ்சிரம். வஞ்சிரம்னு நாம வாங்கறதுல ஒண்ணுக்கு மேல இனம் இருக்குன்னு அன்னிக்குத்தான் எனக்கும் தெரியும். காசிமேட்டுப் பையன் "அது தெரிஞ்சதுதானே ஆன்ட்டி"ங்கற மாதிரி என்னைப் பாத்தான். கடைசி மேசைக்கு ஹோமோ சேப்பியன்ஸ்னு வந்து ஒரே கூத்து. எல்லாமே மைட்டோகாண்ட்ரியாவுல இருக்கற ஒரே ஜீனோட ஒரே துண்டு. விலங்குகளை இனம் பிரிக்க இந்தத் துண்டைப் பயன்படுத்தலாம்னு கனடாவுல பால் ஹெபர்ட் குழு 2003-ல சொன்னதை எல்லாரும் கண்டுபிடிச்சு முடிச்ச பிறகுதான் அக்கா சொன்னாங்க. அந்த வரிசை எனக்கு ரொம்பப் பிடிச்சது. விஷயம் தலையில ஏறின பிறகு பேரு வருது.

அங்கே நடந்த இன்னொண்ணு. பட்டியல்ல ஈ வேல்யூன்னு ஒரு கட்டம், அதுல 0.0-ன்னு போட்டிருந்துச்சு. ஒரு பொண்ணுக்கு முகமே வாடிப்போச்சு. "அக்கா, எங்களுக்கு ஜீரோ வந்திருக்கு, ஃபெயிலா?" அக்கா சிரிக்கல. "ராயபுரம் மார்க்கெட்ல நின்னு 'குமாரு'ன்னு கத்தினா எத்தனை பேர் திரும்புவாங்க? அதே குமாரை அப்பா பேர், தெரு, கதவு நம்பர் சொல்லிக் கூப்பிட்டா?" அவ்வளவுதான் கேட்டாங்க. தற்செயலா எத்தனை பேர் திரும்பிப் பாப்பாங்கன்னு எதிர்பாக்கலாம், அந்த எண்ணிக்கைதான் ஈ வேல்யூ. பூஜ்ஜியத்தை ஒட்டி இருந்தா இந்தப் பொருத்தம் குருட்டு அதிர்ஷ்டத்துல வந்தது இல்லைன்னு அர்த்தம். உடனே அக்கா வெறும் பதினஞ்சு எழுத்தை மட்டும் ஒட்டித் தேடச் சொன்னாங்க. சம்பந்தமே இல்லாத உயிரெல்லாம் வந்து விழுந்துச்சு. அதுக்கு மேல விளக்கம் தேவைப்படல.

எனக்கு மறக்கவே முடியாதது ஹீமோகுளோபின் கிளாஸ். சிக்கிள் செல் அனீமியா புத்தகத்துல எல்லாரும் படிச்சதுதான். ஹீமோகுளோபின் புரதத்தோட பீட்டா சங்கிலியில ஆறாவது இடத்துல குளுட்டாமிக் ஆசிட்ங்கற அமினோ அமிலம் இருக்கணும், அங்கே வாலின் வந்துடுது; ஜி.ஏ.ஜி., ஜி.டி.ஜி. ஆகறதுல ஒரே ஒரு எழுத்துதான் மாறுது. அக்கா புரத விவரமெல்லாம் சேத்து வெக்கற யூனிப்ராட் தளத்துல மனித பீட்டா குளோபின் பக்கத்தைத் திறந்து, "ஆறாவது எழுத்து என்னன்னு எண்ணுங்க"ன்னாங்க. ஒரு எழுத்து, ஒரு அமினோ அமிலம். எம், வி, எச், எல், டி, பி. ஆறாவது பி. பின்னா புரோலின். குளுட்டாமிக் ஆசிட்டுக்கு ஈ வரணும், அது ஏழாவதா நிக்குது. புத்தகம் தப்பா, வெப்சைட் தப்பான்னு பிளஸ் டூ பசங்களுக்குள்ள பெரிய வாக்குவாதம். அக்கா பத்து நிமிஷம் வாயே திறக்கல. கடைசியில ஒரு பொண்ணு, "முதல் எழுத்து எம், மெத்தியோனின். அது ஸ்டார்ட் கோடான்தானே அக்கா, அதைச் சேத்து எண்ணணுமா வேணாமா?"ன்னு கேட்டா. அங்கேதான் முடிச்சு. (கோடான்னா ஒரு அமினோ அமிலத்தைக் குறிக்கற மூணெழுத்து; ஸ்டார்ட் கோடான் புரதம் ஆரம்பிக்கற இடம்.) செல்லுக்குள்ள புரதம் உருவாகும்போது அந்த எம் வெட்டப்பட்டுப் போயிடுது. வெர்னான் இங்ராம் 1957-ல இந்த மாற்றத்தைக் கண்டுபிடிச்சது ரத்தத்துல இருந்து எடுத்த புரதத்தை வெச்சு, அதுல எம் கிடையாது, அதனால ஆறு. இப்போ ஜீன்ல இருந்து எண்ணறாங்க, அதனால ஏழு. ரெண்டும் சரி.

இதை நான் இவ்வளவு நீட்டறதுக்குக் காரணம் இருக்கு. எங்க லேப்ல ஹீமோகுளோபின் வேரியன்ட்டை, அதாவது மாறின வகைகளை, ஹெச்.பி.எல்.சி.ன்னு பிரிச்சுக் காட்டற மெஷின்ல பாக்கறோம். சிக்கிள் செல்லோட ஹீமோகுளோபின் எஸ்-ஐ விட ஹீமோகுளோபின் ஈ தான் எங்க கையில அதிகம் வரும், வங்காளம், அசாம் பக்கத்துல இருந்து இங்கே வேலைக்கு வந்தவங்க சாம்பிள்ல. அது பீட்டா சங்கிலியில 26-வது இடத்துல இருக்கற குளுட்டாமிக் ஆசிட் மாறிப்போறதால வர்றது. வீட்டுக்கு வந்து பொண்ணுகிட்ட சொன்னேன். அவளே அந்தப் பக்கத்தைத் திறந்து, 27 வரைக்கும் விரல் வெச்சு எண்ணி, "மா, ஈ இருக்குது"ன்னா. ரிப்போர்ட்ல நான் எத்தனையோ தடவை அடிச்ச ஒரு விஷயத்தோட உள்ளே இருக்கற எழுத்தை என் பொண்ணு எனக்குக் காட்டறா. 6,500 ரூபாயில பாதி அங்கேயே கழிஞ்சுடுச்சு.

இன்சுலின் கிளாஸும் நல்லாத்தான் இருந்துச்சு. மனுஷன் இன்சுலின், பன்றி இன்சுலின் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல அடுக்கிப் பாத்தா 51 அமினோ அமிலத்துல ஒண்ணே ஒண்ணுதான் வித்தியாசம், மாட்டுக்கு மூணு. சர்க்கரை வியாதிக்காரங்களுக்கு அத்தனை வருஷம் பன்றி, மாட்டு இன்சுலின் போட்டது ஏன் வேலை செஞ்சுதுன்னு பிள்ளைங்களுக்குச் சட்டுனு பிடிபட்டுச்சு.

ஒரு வாரம் செம மழை. நெட் போச்சு, பாதிப் பிள்ளைங்கதான் வந்திருந்தாங்க. கிளாஸை கேன்சல் பண்ணுவாங்கன்னு நினைச்சேன். அக்கா கீழே கடையில கிராஃப் ஷீட் வாங்கிட்டு வந்துட்டாங்க. ரெண்டு குட்டி வரிசை, பத்துப் பத்து எழுத்து. எந்த எழுத்து எதோட பொருந்துதுன்னு அடுக்கணும். ஒண்ணை மேல எழுது, ஒண்ணைப் பக்கவாட்டுல எழுது. பொருந்தினா கூட்டல் 1, பொருந்தலைன்னா கழித்தல் 1, இடைவெளி விட்டா கழித்தல் 2. ஒவ்வொரு கட்டத்துக்கும் மேல, இடது, குறுக்கன்னு மூணு பக்கத்துல இருந்து வர்ற மார்க்கைப் பாத்து, எது பெருசோ அதை எழுதிக்கிட்டே வலது கீழ் மூலைக்கு வரணும். வந்த வழியிலயே திரும்பிப் போனா அடுக்கு கிடைச்சுடும். நீடில்மன், வுன்ஷ் ரெண்டு பேரும் 1970-ல சொன்ன முறை. பத்தாவது படிக்கற பிள்ளைங்க கூட்டல் கழித்தலை மட்டும் வெச்சு அதைப் போட்டு முடிச்சதுங்க.

"இடைவெளிக்கு ஏன் ரெண்டு மார்க் கழிக்கணும், அநியாயம்"னு ஒரு பையன் சண்டை. நல்ல சண்டை அது. ஜீனை மூணு மூணு எழுத்தாத்தான் படிக்கணும். நடுவுல ஒரு எழுத்து விழுந்தா அதுக்கப்புறம் வர்றது மொத்தமும் குளறுபடி, அப்படிப்பட்ட மாத்தம் பெரும்பாலும் தங்காது. ஒரு எழுத்துக்குப் பதில் இன்னொண்ணு வர்றதுல அவ்வளவு சேதம் இல்லை, அதனால இடைவெளிக்கு அபராதம் ஜாஸ்தின்னு அக்கா சொன்னாங்க. இந்த முறையில ஜென்பேங்க் மொத்தத்தையும் தேடினா எப்போ முடியறதுன்னு அவங்களே கேட்டு, பிளாஸ்ட் ஏன் வேகம்ங்கறதுக்கு வந்தாங்க. அது முதல்ல சின்னச் சின்னத் துண்டு எங்கே அப்படியே பொருந்துதுன்னு பாத்துட்டு, அந்த இடத்துல இருந்து மட்டும் ரெண்டு பக்கமும் நீட்டிப் பாக்குமாம். கம்ப்யூட்டர் ஒண்ணுகூட ஓடாத அந்த நாள்தான் இந்த கோர்ஸோட ஆகச் சிறந்த நாள்.

இப்போ சார் பக்கம் வர்றேன்.

புரோகிராம் எழுதற மொழியான பைத்தான் ரெண்டு வாரம். நம்ம ஸ்டேட் போர்டுல கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தாத்தான் பிளஸ் டூவுல பைத்தான் வரும், பிளஸ் ஒன்ல சி பிளஸ் பிளஸ். பயோ-மேத்ஸ் பிள்ளைங்களுக்கு அதுவும் கிடையாது. சார் வந்தவுடனே லைப்ரரி இன்ஸ்டால் பண்றதுல ஆரம்பிச்சாரு. ரூம்ல இருக்கற டெஸ்க்டாப் ஆறு. மத்தவங்க லேப்டாப் கொண்டு வரணும்னு நோட்டீஸ்ல ஒரு வரி கிடையாது. பொண்ணுக்கு அவ பெரியம்மா பையன் பள்ளிக்கூடத்துல வாங்கின அரசு லேப்டாப் இருந்துச்சு, தப்பிச்சா. போன் மட்டும் வெச்சிருந்த பிள்ளைங்க வேடிக்கைதான் பாத்துச்சுங்க. கூகுள் கொலாப் போன்லயே திறக்கும், பிரவுசர்ல பைத்தான் ஓடும், இன்ஸ்டாலே வேண்டாம். ரெண்டாவது வாரம் அக்கா வந்து அதைச் சொல்லிக் கொடுத்த பிறகுதான் எல்லாரும் ஒரு வரிசையில ஜி-யும் சி-யும் எத்தனை சதவீதம்னு எண்ணற நாலு வரி கோடை ஓட்டினாங்க. ரோசலிண்ட்னு ஒரு இலவச தளம், அதுல முதல் கணக்கே ஏ, சி, ஜி, டி எத்தனைன்னு எண்ணறதுதான். அதை வீட்டு வேலையா கொடுத்திருந்தா ரெண்டு வாரமும் பிரயோஜனமா போயிருக்கும்.

கடைசி ரெண்டு ஞாயிறுதான் எனக்குக் கோபம். "புற்றுநோய்க்கு மருந்து வடிவமைப்போம்"னு தலைப்பு. ஸ்லைடு, ஸ்லைடு, ஸ்லைடு. அப்புறம் முன்னாடியே தயார் பண்ணி வெச்ச ஃபைலை பிள்ளைங்க திறந்து ஒரு பட்டனை அழுத்தணும். ஒரு புரதத்து மேல ஒரு மூலக்கூறு வந்து உக்காரும், பக்கத்துல, எவ்வளவு இறுக்கமா ஒட்டும்னு கம்ப்யூட்டர் கணிச்ச எண், மைனஸ் ஒன்பது சொச்சம். "மைனஸ் எவ்வளவு ஜாஸ்தியோ அவ்வளவு நல்ல மருந்து"ன்னு சார் முடிச்சுட்டாரு. எங்க லேப்ல ரீஏஜென்ட் லாட் மாறினாக்கூட கன்ட்ரோல், அதாவது விடை முன்னாடியே தெரிஞ்ச சாம்பிள், ஓட்டிப் பாக்காம ஒரு பேஷன்ட் சாம்பிளைத் தொட மாட்டோம். இங்கே கன்ட்ரோல் எங்கேன்னு இடைவேளையில அக்காகிட்டக் கேட்டேன். ஏற்கெனவே அந்தப் புரதத்தோட ஒட்டின நிலையில எக்ஸ்ரே மூலமா அமைப்பு தெரிஞ்ச ஒரு மருந்தைப் பிரிச்சு எடுத்து, மறுபடி கம்ப்யூட்டர்ல ஒட்ட வெச்சு, பழைய இடத்துலயே உக்காருதான்னு முதல்ல பாக்கணுமாம். அப்படி ஒண்ணு இருக்குன்னா அதைத்தானே பிள்ளைங்களுக்குக் காட்டணும்? அரை மணி நேரம் போதும். அதை விட்டுட்டு பதினாறு வயசுப் பிள்ளைங்க கையில "மருந்து கண்டுபிடிப்பு ஆய்வுப் பயிற்சி"ன்னு கெட்டி அட்டையில சர்டிபிகேட். எங்க வீட்டுக்காரர் அதை ஃப்ரேம் போடலாம்னாரு, நான் வேண்டாம்னுட்டேன்.

அந்த ஸ்லைடுகள்லயே ராமச்சந்திரன் பிளாட்னு ஒரு படம் வந்துச்சு, புரதத்தோட முதுகெலும்பு எந்தக் கோணத்துல எல்லாம் திரும்பலாம், எங்கே அணுவோட அணு இடிக்கும்னு காட்டற படம். சார் அடுத்த ஸ்லைடுக்குப் போயிட்டாரு. ஜி.என். ராமச்சந்திரன் மெட்ராஸ் யூனிவர்சிட்டி கிண்டி வளாகத்துல இருந்து, ராமகிருஷ்ணன், சசிசேகரனோட சேந்து 1963-ல வெளியிட்டது அது. இன்னிக்கும் உலகத்துல எங்கே புரத அமைப்பைக் கண்டுபிடிச்சாலும் அது சரியா இருக்கான்னு பாக்க இந்தப் படத்துல வெச்சுத்தான் பாக்கறாங்க. அதுக்கும் முன்னாடி, 1954-ல, கோபிநாத் கர்த்தாவோட சேந்து, தோல், எலும்புல இருக்கற கொலாஜென் புரதம் மூணு இழையா முறுக்கிக்கிட்டு இருக்குன்னு சொன்னதும் இதே ஊர்ல இருந்துதான். கொருக்குப்பேட்டைல இருந்தும் வியாசர்பாடில இருந்தும் வந்து உக்காந்திருக்கற பிள்ளைங்களுக்கு இதைச் சொல்ல ரெண்டு நிமிஷம் ஆகுமா? சொல்லியிருந்தா அன்னிக்கு ஒருத்தராவது நிமிந்து உக்காந்திருப்பாங்க.

ஒரு விஷயத்துல சென்டரை மனசாரப் பாராட்டணும். "எங்க எச்சிலை எடுத்து எங்க டி.என்.ஏ.வைப் பாக்கலாமா அக்கா?"ன்னு பிள்ளைங்க நச்சரிச்சுதுங்க. முடியாதுன்னு தெளிவா சொன்னாங்க. வீட்டுல யாருக்கு என்ன நோய்னுகூட யார்கிட்டயும் கேக்கல. உன்னோட டி.என்.ஏ. உன்னோடது மட்டும் இல்ல, உங்கம்மா, தம்பி விஷயமும் அதுல இருக்குன்னு அக்கா சொன்னதை என் பொண்ணு வீட்டுல வந்து தம்பிகிட்ட மிரட்டலா சொல்லிக்கிட்டிருந்தா, அது வேற கதை.

அக்கா பேசறது முழுக்க தமிழ், டெக்னிக்கல் வார்த்தை மட்டும் இங்கிலீஷ். தமிழ் மீடியம் பிள்ளைங்க தாராளமா வாயைத் திறந்து கேட்டாங்க. ஆனா கொடுக்கற நோட்ஸ் பூரா இங்கிலீஷ், எங்கிருந்தோ எடுத்த மாதிரி கடினமான நடை. ஏசி ஓடுது, பாத்ரூம் சுத்தம், தண்ணி கேன் காலியானா சொன்னாத்தான் மாத்துவாங்க. வண்டி நிறுத்த இடம் கிடையாது. ராயபுரம், வண்ணாரப்பேட்டைக்காரங்க பீச்ல இருந்து ஆவடி, திருவள்ளூர் போற லோக்கல்ல ஏறினா நேரா பெரம்பூர்ல இறங்கலாம், ஞாயிறு வண்டி கம்மி, டைம் பாத்துக்கிட்டுக் கிளம்புங்க. மழை நாள்ல கணேசபுரம் சப்வே பக்கம் மட்டும் போயிடாதீங்க.

அஞ்சுக்கு மூணரை கொடுக்கறேன். கருவி எல்லாம் இலவசம், டேட்டா எல்லாம் இலவசம், வீட்டுல உக்காந்தே யார் வேணா திறந்து பாக்கலாம். அப்போ 6,500 எதுக்குன்னா, எந்த எழுத்தை முதல்ல எண்ணச் சொல்லணும், எப்போ வாயை மூடிக்கிட்டு இருக்கணும்னு தெரிஞ்ச அந்த அக்காவுக்குத்தான். ஒன்பதாவது பிள்ளைங்களை இப்போ அனுப்பாதீங்க, பத்தாவது அறிவியல்ல மரபியல் பாடம் முடியட்டும். எங்க பேட்ச்ல இருந்த ரெண்டு ஒன்பதாவதுப் பிள்ளைங்க கோடான்னா என்னன்னு தெரியாம தவிச்சுதுங்க.

கடைசி நாள் சென்டர் நடத்தறவர்கிட்ட மருந்து வடிவமைப்பைத் தூக்கிட்டு கிராஃப் ஷீட் கிளாஸை ரெண்டு வாரமா ஆக்குங்கன்னு கேட்டேன். "பேரன்ட்ஸ் போன் பண்ணினா முதல்ல கேக்கறதே சர்டிபிகேட்ல என்ன போடுவீங்கன்னுதான் மேடம்"னாரு. பொய் சொல்லல அவரு. அடுத்த பேட்ச் அரையாண்டு லீவுக்கு அப்புறம். சேக்கறவங்க போன் பண்ணி, எட்டு வாரத்துல அக்கா எத்தனை வாரம் எடுக்கறாங்க, லேப்டாப் இல்லாத பிள்ளைக்கு என்ன ஏற்பாடுன்னு இந்த ரெண்டை மட்டும் கேளுங்க. அஞ்சு வாரத்துக்குக் கம்மியா சொன்னா ரெண்டாவது தவணையைப் பத்தி அப்போவே பேசிடுங்க.